நான் எழுதாத நாலு வரி

இருபத்திரண்டு வருடம் தினமும் காலையில் நான் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "சார், ஏதாச்சும் உண்டா?"

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதுவது, டைப் அடிப்பது, ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போடுவது எல்லாம் உண்டு. ஷட்டரைத் தூக்கிய கையோடு ரயில்வே போலீசுக்குப் போன் போடுவேன். ஒரு ஏட்டு எடுப்பார். "உண்டும்மா, எழுதிக்க" என்று அவர் சொன்னால் தண்டவாளத்தில் யாரோ அடிபட்டுச் செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் ஆட்கள் தங்கும் ரூம்கள் பல ரயில் பாதைக்கு ஒரு புறமும் கம்பெனிகள் மறுபுறமும் இருக்கின்றன. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஷிப்டுக்கு நேரமாகிவிடும். அதனால் ஏட்டுக்கும் எனக்கும் பேச எப்போதும் ஏதாவது இருந்தது.

அவர் சொல்லச் சொல்ல பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். ஆண், சுமார் நாற்பது வயது, மாநிறம், நீலக் கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, வலது முழங்காலில் பழைய தழும்பு. அதை நாலு வரியாக்கி பேப்பருக்கு அனுப்புவேன். ஆரம்பத்தில் பேக்ஸ், பிறகு மெயில், கடைசியில் வாட்ஸ்அப். மறுநாள் திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தின் அடியில், "அடையாளம் தெரியாத ஆண் சடலம்" என்ற தலைப்பில் ஒரு ஓரமாக வரும். நான் அந்தப் பேப்பருக்குப் பகுதிநேர நிருபர். ஊரில் எல்லாருக்கும் பேப்பர்க்காரக்கா.

உண்மையைச் சொன்னால், அந்த நாலு வரிகளை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. நான் பெருமைப்பட்டதெல்லாம் வேறு. பொன்னேரி போகும் வழியில் ஒரு தரைப்பாலம் உடைந்து கிடந்ததை மூன்று தடவை எழுதி, நாலாவது தடவை அதிகாரி ஜீப்பில் வந்து நின்றது. ஒரு கிராமத்தில் போர் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் வந்ததைப் படத்தோடு போட்டது. அந்தப் பேப்பரை வெட்டி கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன். சடலச் செய்தியை யாராவது வெட்டி ஒட்டுவார்களா?

ஒருமுறை வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் கவரில் பேப்பர்த் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். நான் எழுதிய நாலு வரி. அதில் சொன்ன முழங்கால் தழும்பு தன் அண்ணனுடையது என்றும், ஸ்டேஷனில் காட்ட அதை இரண்டு காப்பி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அதை எழுதியது நான்தான் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் போன பிறகு அடுத்த ஆளின் ரேஷன் கார்டை மெஷினில் வைத்தேன். அவ்வளவுதான் எனக்கு அதன் மதிப்பு.

பிறகு மாவட்டப் பக்கம் அரைப் பக்கமானது. கொஞ்ச நாளில் பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்து அந்த அரைப் பக்கத்தையும் பங்கு போட்டார்கள். நான் பத்து அனுப்பினால் ஒன்று வந்தது. அப்புறம் ஒரு நாள் மாவட்ட நிருபர் போன் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், இனிமே டெய்லி அனுப்ப வேணாம். பெரிசா எதுனா நடந்தா மட்டும் சொல்லுங்க."

"பெரிசுன்னா?"

"கம்பெனியில பாய்லர் வெடிச்சுது, பத்து பேர் செத்துட்டாங்க, அந்த மாதிரி. டிஸ்ட்ரிக்ட் பேஜையே எடுத்துட்டாங்க மேடம். எல்லாம் சென்னைப் பேஜ்லதான். எனக்கே இன்னொரு மாவட்டத்தையும் சேத்துக் குடுத்துட்டாங்க."

"என் பிரஸ் கார்டு இந்த மாசத்தோட முடியுது சார். புதுசு?"

"பாக்கலாம் மேடம்" என்றார். கார்டு வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். ஊரில் எனக்கென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். தாலுகா ஆபீசில் நாற்காலி போடுவார்கள். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, பேப்பர்ல போட்டு உட்ரு" என்பார்கள். "போட்டுர்றேன்" என்பேன். மறுநாள் வராது. இடமில்லை என்பேன், விளம்பரம் அதிகம் என்பேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன்.

ரயில்வே போலீசுக்குப் போன் செய்வதை மட்டும் உடனே நிறுத்திவிட்டேன். எழுதிக்கொண்டு என்ன செய்வது? நாலைந்து நாள் கழித்து ஏட்டு தானே கூப்பிட்டார். "இன்னாம்மா, ஆளையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ஒடம்பப் பாத்துக்க என்றார். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. கொஞ்ச நாளில் அவர் ரிட்டையர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண் என் கடைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை.

"நீங்கதான பேப்பர்க்காரக்கா?"

"ஆமா. உள்ள வாம்மா."

"எங்க ஊட்டுக்காரரக் காணோம்க்கா."

உட்காரச் சொன்னேன். பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பம். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த குடும்பம். வலையில் ஒன்றும் விழவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவர் இங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் காண்டிராக்டர் மூலம் லோடு ஏற்றும் வேலைக்கு வந்திருக்கிறார். நாலு பேரோடு ஒரு ரூமில் தங்கியிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து கிளம்பி வந்தார்.

"தெனம் சாய்ங்காலம் போன் பண்ணுவாருக்கா. போன வியாழக்கெழமையிலேர்ந்து சுவிச் ஆஃப்னே வருது. ரூம்ல போய்க் கேட்டா, ஊட்டுக்குப் போய்க்கினார்னு நெனச்சோம்ன்றாங்க. காண்டிராக்டரும் அதையேதான் சொல்றாரு. எங்க ஊரு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். பாக்கறோம்னாங்க. நீ பேப்பர்ல போடுக்கா. யார்னா பாத்துட்டுச் சொல்வாங்க."

பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, சிரிக்காமல், மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை ஸ்கேன் செய்து அவரை மட்டும் தனியாக வெட்டினேன். தோளில் இருந்த கை பாதியோடு நின்றது.

"அங்க அடையாளம் எதுனா சொல்லும்மா."

"இடது கையில எம் பேர பச்ச குத்திக்கினு கீறாரு. கல்யாணமான புதுசுல குத்திக்கினாரு." சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எனக்கு படிக்கத் தெரியாது. எம் பேரு மட்டும் தெரியும். அவுரு கையப் பாத்துத்தான் கத்துக்கினேன்."

எழுதிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, நம்ம ஊர் செய்தி இப்போது பேப்பரில் வருவதில்லை, நீ முதலில் ரயில்வே போலீசில் போய்க் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவளை யாரோ ஒருவர் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

"நாளைக்கு வருமாக்கா?"

"வரும்மா. நாளைக்கு இல்லன்னா மறுநாள்."

அவள் போனதும் மாவட்ட நிருபரைக் கூப்பிட்டேன்.

"காணாமப் போனதெல்லாம் இப்ப எடுக்கறதில்ல மேடம். விளம்பரமாக் குடுக்கச் சொல்லுங்களேன், நம்பர் தரேன்" என்றார்.

நம்பரை வாங்கிக்கொண்டேன். அதை அவளிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால், நீ போடமாட்டியா என்று கேட்பாளே.

போட்டோவை எனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் போட்டேன். வியாபாரிகள் சங்கம், ரயில் பயணிகள், பழைய மாணவர்கள், இரண்டு கட்சிக் குழுக்கள். கும்பிடும் கைகள் நிறைய வந்தன. ஒருவர் சரியாகப் படிக்காமல் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் "ஆழ்ந்த இரங்கல்" போட்டார்கள். பிறகு யாரோ ஒரு கம்பெனியின் வேலைவாய்ப்பு அறிவிப்பைப் போட, இவர் மேலே போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.

"அக்கா, வரலியேக்கா."

"எடம் இல்லம்மா. நாளைக்குப் பாரு."

வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டாள். "எம் பொண்ணு எல்லாப் பக்கத்தையும் பாத்துச்சுக்கா. சினிமாப் பக்கத்துலகூடப் பாத்துச்சு. நீ கரெக்டாக் குடுத்தியா?"

"குடுத்துட்டேன்மா."

சனிக்கிழமை அவள் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர்க் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே போய் நிற்பதாகச் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "ஏன்மா இப்படிப் பண்ற? இல்லன்னு சொல்லிடவேண்டியதுதான?" என்றார். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அன்று மாலை ஒரு குழுவில் பதில் வந்தது. ஆந்திரா பக்கம் தடாவில் ஒரு கிடங்கு வாசலில் இந்த ஆளைப் பார்த்தேன், வாட்ச்மேன் உடுப்பில் இருந்தார் என்று. சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு இதை அவளிடம் சொன்னேன். போனிலேயே அழுதாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். இரண்டு பேரும் ரயிலில் தடா போனோம். அவருக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருந்தாள், இஸ்திரி போட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கோபம் வந்தால் சாப்பிடமாட்டார், காண்டிராக்டரோடு ஏதாவது தகராறு ஆகியிருக்கும், அதான் சொல்லாமல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்துவிட்டார் என்று அவளே ஒரு கதையைக் கட்டிக்கொண்டாள். நானும் ஆமாம் என்றேன்.

கிடங்கைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து அந்த நெற்றியும் மீசையும் போட்டோவில் இருந்தது போலவே இருந்தன. அவள் ஓடினாள். பக்கத்தில் போனதும் முகத்தைப் பார்க்காமல் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வெறும் கை. அந்த மனுஷன் மிரண்டுபோய் எழுந்தார். நான் போட்டோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு நானில்லம்மா" என்று ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார். எதிர்க் கடையிலிருந்து எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆரம்பாக்கம் தாண்டியதும் வெளியே கையைக் காட்டினாள்.

"இந்தா, இந்தப் பக்கம்தான் அவுரு ரூம்பு. லைனத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போவாரு. சுத்திக்கினு போய்யான்னு நான் சொல்லிக்கினே இருப்பேன்."

நான் பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்தேன். அது புதிதாக வந்த நினைப்பு இல்லை. புதன்கிழமை அவள் "ரூம்" என்று சொன்னபோதே என் மனதில் தண்டவாளம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் இதையே எழுதியவளுக்கு வராமல் இருக்குமா? ஆனால் ரயில்வே போலீசில் போய் நின்றால், எங்கே போயிருந்தாய் இத்தனை நாள் என்று கேட்பார்கள். எந்தப் பேப்பர் என்று கேட்பார்கள். அந்தக் கூச்சத்தில் நான்கு நாள் போகாமல் இருந்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் ரயில்வே போலீசுக்குப் போனேன். புது ஏட்டு. நான் எதிர்பார்த்த மாதிரியே கேட்டார்.

"எந்தப் பேப்பரும்மா?"

பேப்பர் பேரைச் சொன்னேன். அங்கேயும் பொய்.

ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அவள் என் கடைக்கு வருவதற்கு ஆறு நாள் முன், வியாழக்கிழமை விடியற்காலை. ஆண், சுமார் நாற்பது வயது, முகம் சிதைந்த நிலையில். பச்சைக் கோடு போட்ட சட்டை, காக்கி பேன்ட், பாக்கெட்டில் ஒரு சாவி. இடது முன்கையில் பெண் பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது. அதற்குப் பக்கத்தில் அவள் பெயர். தெளிவான கையெழுத்தில், கொஞ்சமும் பிழை இல்லாமல்.

"பாடி எங்க சார்?" என்று கேட்டேன்.

"முந்தாநேத்து அடக்கம் பண்ணிட்டோம்மா. ஒம்போது நாளு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். எல்லா ஸ்டேஷனுக்கும் மெசேஜ் போட்டோம், நோட்டீஸ் ஒட்டினோம். யாரும் வரல. நீங்க இன்னா, சொந்தமா?"

அவளுடைய ஊர் ஸ்டேஷனில் கொடுத்த புகாரும் இந்த ரிஜிஸ்டரும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. அவள் புதன்கிழமை என் கடையில் உட்கார்ந்து பெயர் சொன்னபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வியாழன் இருந்தார். வெள்ளி இருந்தார். சனிக்கிழமை காலையில் அவள் போனில் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம், அவரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஏட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "முன்னல்லாம் பேப்பர்ல போடுவாங்களாமே, எங்க பழைய ஏட்டு சொல்வாரு. யாரோ ஒரு அம்மா தெனம் போன் பண்ணிக் கேக்குமாம். இப்ப யாரும் கேக்கறதே இல்ல" என்றார்.

போனில் சொல்லக்கூடாது என்று பழவேற்காட்டுக்கு நேரில் போனேன். பொன்னேரியில் பஸ் மாறினேன். வழியில் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனேன். குப்பத்தில் கரையோரம் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு.

"வந்துருச்சாக்கா?"

என் கையில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

நான் மனதில் எழுதிவைத்த ஒரு வாக்கியமும் வரவில்லை. "ரயில்ல அடிபட்டுட்டாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்படியே நின்றாள். பின்னால் இருந்த பெண்கள்தான் முதலில் அலறினார்கள்.

அவளும் அவள் தம்பியும் நானும் அன்றே ஸ்டேஷனுக்கு வந்தோம். போட்டோக்களில் முகத்தைக் காட்ட வேண்டாம் என்று ஏட்டிடம் சொல்லியிருந்தேன். அவர் சட்டையையும் சாவியையும் கையின் போட்டோவையும் காட்டினார். அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ரிஜிஸ்டரில் இருந்த தன் பெயரை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதன் மேல் வைத்த விரலை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. ஏட்டும் பக்கத்தைத் திருப்பச் சொல்லவில்லை.

புதைத்த இடத்தைக் காட்ட ஒரு போலீஸ்காரர் கூட வந்தார். ஊருக்கு வெளியே ஒரு மைதானம். கருவேல மரங்கள். மண் மேட்டின் தலைமாட்டில் ஒரு சின்னக் கம்பு, அதில் பெயின்ட்டில் ஒரு நம்பர். எடுத்துப் பார்க்க வேண்டுமானால் தாசில்தாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்றார் போலீஸ்காரர். தம்பி வேண்டாம் என்றான். அவள் மண்ணில் உட்கார்ந்து, தடாவுக்குக் கொண்டுவந்த அந்த இஸ்திரிச் சட்டையை மேட்டின் மேல் விரித்து வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு முனையிலும் கல் எடுத்து வைத்தாள்.

போலீஸ்காரரும் தம்பியும் தள்ளிப் போய் நின்றார்கள். அப்போதுதான் என்னைக் கேட்டாள்.

"வியாழக்கெழமையே கெடச்சிட்டாராமே."

"ஆமாம்மா."

"நான் ஒன் கடைக்கு வந்தனே, அன்னிக்கு அவுரு எங்க இருந்தாரு?"

"ஆஸ்பத்திரியில."

"நீ பேப்பர்ல போட்டியா, போடலியா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதையும், நான் இப்போது எந்தப் பேப்பரிலும் இல்லை என்பதையும், முன்னெல்லாம் தினமும் காலையில் ரயில்வே போலீசுக்குப் போன் செய்ததையும், பக்கம் நிற்காமல் நானும் அப்படிச் செய்துகொண்டிருந்தால் மறுநாள் வெள்ளிக்கிழமைப் பேப்பரிலேயே அவள் பெயரே அச்சாகி வந்திருக்கும் என்பதையும். கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அது அவளுக்காகச் சொன்னதா, என் பாரத்தை இறக்கச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரி என் மேல் போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப நான் தெனம் காலையில போய் வாங்கினனே, அது இன்னா பேப்பரு?" என்று கேட்டாள்.

கேள்வி நிஜமான கேள்வி. அவளுக்குப் புரியவில்லை. அதே பேப்பர்தான், ஆனால் அதில் நம் ஊர் இல்லை என்று நான் எப்படி விளக்குவேன்? சேர்ந்து நடந்து வந்தோம், பஸ் ஸ்டாண்டு வரை. பஸ்ஸில் ஏறும்போது என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் மறுபடியும் காலையில் ரயில்வே போலீசுக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் ஏட்டு சொன்னார். நோட்டில் எழுதி, பெரிய எழுத்தில் டைப் அடித்து, ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டுச் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினேன். மறுநாளே அதன் மேல் பிறந்தநாள் போஸ்டர் வந்தது. எட்டாவது நாள் ஏட்டு கேட்டார்: "உங்க பேப்பர்ல எதுவுமே வர்லியேம்மா, ஐடி கார்டு கொஞ்சம் அனுப்புங்க." அனுப்ப கார்டு இல்லை. அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை. அவர் மேல் தப்பில்லை. வழியில் போகிற ஒரு ஜெராக்ஸ்காரிக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊரிலும் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் நம்பவில்லை. போர் தண்ணீர் செய்தி போட்டேனே, அதே கிராமத்திலிருந்து ஒரு அம்மா பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை தண்ணீரில் நாற்றமும் இருந்தது. மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"எனக்குப் பேப்பர் இல்லம்மா. நம்ம ஊர் சேதி எதுலயும் இப்ப வர்றதில்ல" என்றேன்.

"கம்பெனிக்காரன் ஒனக்கும் காசு குடுத்துட்டானா?" என்று கேட்டார். பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவள் தம்பி கடைக்கு வந்தான். காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றான். பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் கடைகள் இருக்கின்றன. ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவனே போட்டோவைக் கொடுத்தான். அந்தக் கல்யாணப் போட்டோதான். என் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல நா வரவில்லை. மறுபடியும் ஸ்கேன் செய்தேன்.

பெயர் டைப் அடித்தேன். ஊர் டைப் அடித்தேன். தோற்றம் என்ற இடத்துக்கு அவன் ஆதார் கார்டைப் பார்த்துச் சொன்னான். மறைவு என்ற இடத்தில் விரல் நின்றது.

"இன்னா தேதி போடறது?" என்று கேட்டேன்.

"அது ஒங்களுக்குத்தான் தெரியும்னு அக்கா சொல்லிச்சு" என்றான். அவன் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. சொல்லி அனுப்பியதைச் சொன்னான், அவ்வளவுதான்.

ரிஜிஸ்டரில் பார்த்த வியாழக்கிழமையின் தேதியை அடித்தேன். அவன் ஒருமுறை படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினான். ஐம்பது காப்பி கேட்டான். சூடாக இருந்த தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். அவன் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.